மேக்கரை அடிவாரத்தில் எண்ணெய்ப்பனை: ஆனை வழியை எப்படிக் காப்பது?

அடவிநயினார்_பாசனம்:
தென்காசி மாவட்டத்தில் வடகரை, அச்சன்புதூர், மேக்கரைப் பக்கம் மலையடிப் புஞ்சைகளைத் தரகர் வைத்து ஒரே கையில் கிரயம் பேசி வருகிறார்கள். எண்ணெய்ப்பனை போட்டு, நூறு ஏக்கருக்கு மேல் வளைத்து மின்வேலி கட்டப்போவதாகப் பேச்சு. ஆனை இறங்கும் ஓடை நடுவில் ஓடுகிறது. பட்டா நிலம் என்று வனத்துறையில் கையை விரிக்கிறார்கள். எங்கே தொடங்க வேண்டும்?

புலப்படம்:
அண்ணாச்சி, மனு எழுதும் முன் சர்வே எண்களைப் பட்டியல் எடுங்கள். ‘மலையடிவாரம்’ என்று பொதுவாக எழுதிய மனு தாலுகா ஆபீசைத் தாண்டாது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஏ பதிவேடு (நிலத்தின் வகை, உரிமை சொல்லும் கிராமக் கணக்கு), அடங்கல் (பயிர்க் கணக்கு), புலப்படம் (நில அளவை வரைபடம்), வில்லங்கச் சான்று வேண்டும். அவற்றில் நாலு விஷயம் பாருங்கள்.

முதலில் ஓடை. புலப்படத்தில் ஓடைப் புறம்போக்கு தனி எண்ணாக இருந்தால் அதை யாரும் கிரயம் வாங்க முடியாது. வேலியும் போட முடியாது. ஆனை பெரும்பாலும் ஓடையை ஒட்டியே இறங்கும் என்பதால் நம் கையில் உள்ள பெரிய பிடி இதுதான். ஜேசிபி இறங்கிக் கரையை நிரவிவிட்டால் பிறகு எல்லை காட்டுவது பெரும்பாடு. ஆகவே இப்போதே தாசில்தாரிடம் அளந்து கல் நடச் சொல்லி மனு கொடுங்கள்.

இரண்டாவது, 1949-ஆம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம். அதன்கீழ் வரும் நிலமானால் உரிய முன் அனுமதி இல்லாமல் விற்கவோ குத்தகைக்கு விடவோ மரம் வெட்டவோ கூடாது. அனுமதி வாங்காத கிரயம் செல்லாது.

மூன்றாவது, ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) கிராமப் பட்டியல். இதில்தான் பலர் தவறுகிறார்கள். ஹாகா விவசாயத்தைத் தடுக்காது. கன்று நடுவதை அதை வைத்து நிறுத்த முடியாது. ஆலை, குடியிருப்பு, மனைப்பிரிவு என்று நிலப் பயன்பாடு மாறும்போதுதான் அந்த அனுமதி தேவை.

நான்காவது நில உச்சவரம்பு. 1961 சட்டப்படி, 1970 திருத்தத்துக்குப் பின் 15 தர ஏக்கர் (தீர்வையை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்). புஞ்சையில் தீர்வையைப் பொறுத்து அது கூடுதல் ஏக்கராக விரியும். பல பெயரில் வாங்கியிருக்கிறார்களா என்பது வில்லங்கச் சான்றில் தெரியும்.

தடம்_பார்ப்பவர்:
காகிதத்தோடு தடயமும் வேண்டும். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலை, வடக்கே பெரியாறு. களக்காடு முண்டந்துறையும் பெரியாறும் புலிகள் காப்பகங்கள். இவற்றை இணைக்கும் நிலத்தைச் சூழலுக்கு ஒவ்வாத பயன்பாட்டுக்குத் திருப்பக் கூடாது என்பதை வனவிலங்குச் சட்டம் 38-ஓ(1)(ஜி) சொல்கிறது. அதைக் கேட்பதற்கு இந்த ஓடை அந்த இணைப்பில் ஒரு கண்ணி என்று நாம் காட்டியாக வேண்டும்.

பயிர்ச்சேத நிவாரண மனுக்களைவிட நல்ல ஆதாரம் கிடையாது. தேதி, சர்வே எண், வனவர் பார்வையிட்ட குறிப்பு எல்லாம் அதில் இருக்கும். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, கடந்த பத்தாண்டு மனுக்களின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘நாலு தென்னைக்கு எதுக்கு மனு’ என்று விட்டுவிடும் ஒவ்வொருவரும் ஆனை வந்த பதிவைத் தாமே அழிக்கிறார்கள். தயவுசெய்து இதை ஊரில் சொல்லுங்கள்.

இனிமேல் நோட்டுப் போட்டு எழுதுங்கள்: நாள், இடம், தடம் போன திசை, எத்தனை உருப்படி. முன்னங்கால் தடத்தின் சுற்றளவை நூல் வைத்து அளந்து இரண்டால் பெருக்கினால் ஏறத்தாழத் தோள் உயரம் வரும். குட்டியோடு வரும் கூட்டமா, ஒற்றைக் கொம்பனா என்று பிரிக்க அது உதவும். படம் எடுக்கையில் பக்கத்தில் ஒரு அளவுகோல் கிடக்கட்டும். கேமராவைப் பட்டா நிலத்தில் மட்டும் கட்டுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி வேண்டும்.

அடவிநயினார்_பாசனம்:
பசுமைத் தீர்ப்பாயம் போகலாமா? வேலிக்கு என்ன செய்ய?

புலப்படம்:
தீர்ப்பாயத்தின் சட்ட அட்டவணையில் வனவிலங்குச் சட்டம் இல்லை. அதை மட்டும் வைத்துப் போனால் நிற்காது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில்தான் ரிட் மனு போட வேண்டும். நீர், வனப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் சட்டங்களின் மீறல் இருந்தால் தீர்ப்பாயம் சரி. பிரச்சினை எழுந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். மேலும் 60 நாள்தான் சலுகை.

வேலிக்கு 2023-ஆம் ஆண்டு மின்வேலி விதிகள் உண்டு, பதிவு கட்டாயம். துடிப்புக் கருவி வழியாக நொடிக்கு ஒன்றுக்கு மிகாமல் கண நேர அதிர்ச்சி வந்தால் ஆனை விலகும். வீட்டு மின்சாரத்தை நேரே கொடுத்தால் ஆனையும் சாகும், ஆளும் சாவான், அது குற்றம். முறையான வேலியே ஆனாலும் ஓடையை அடைத்தால் கூட்டம் பக்கத்து வெள்ளாமைக்குள் திரும்பும். ஆகவே வேலி வரைபடத்தைப் பதிவுக்கு முன்பே வன அலுவலரிடம் கேட்டு, ஓடைக்கு இரு கரையிலும் திறப்பு விடச் சொல்லி ஆட்சேபம் கொடுங்கள்.

கிணற்றடி:
நிலம் கொடுக்க யோசிப்பவர்களிடம் தண்ணீர்க் கணக்கைச் சொல்லுங்கள். எக்டேருக்கு 143 பனை. வளர்ந்த மரத்துக்குக் கோடையில் நாளுக்கு 200 லிட்டர் வைத்தாலும் ஒரு எக்டேருக்கு 28,600 லிட்டர். அடிவாரத்தில் அத்தனை போர் போட்டால் கீழே கிணறு வற்றும். குலையை வெட்டி 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். அதனால் லாரிப் பாதையும் கூடவே வரும், ராத்திரி ஓட்டமும் வரும். இளங்குருத்து ஆனைக்குப் பிடித்த தீனி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்த கிராம சபையில் ஓடையின் சர்வே எண்ணைக் குறிப்பிட்டுத் தீர்மானம் போடுங்கள். கிரயத்தை அது தடுக்காது. ஆனால் ரிட் மனுவோடு இணைக்க, ஊர் முன்கூட்டியே எதிர்த்தது என்பதற்கு எழுத்து இருக்கும். கையெழுத்துப் பக்கத்தோடு நகல் வாங்காமல் வெளியே வராதீர்கள்.