சூம் செயலமர்வு: பயிற்சியோ, பதிவேட்டுக் கணக்கோ? (ஆசிரியர்களின்ர இணையக் குழு உரையாடல்)

நல்லூர்க் கணக்கு
எங்கட வலயத்தில இந்தத் தவணை தொழில்நுட்பச் செயலமர்வு முழுக்க இணையவழியாம். நாலு சனிக்கிழமை சூம், கடைசியில கூகிள் படிவத்தில பத்துக் கேள்வி, பிறகு சான்றிதழ். ஆசிரியர் மையத்துக்கு ஒருத்தரும் வரத் தேவையில்லை. இதைப் பயிற்சி எண்டு சொல்லேலுமோ?

போன முறை நான் செய்ததைச் சொல்லுறன். கமராவையும் மைக்கையும் நிப்பாட்டி, போனை அடுப்படி ஜன்னலில சாத்தி வைச்சிட்டுத் தேங்காய் திருவினனான். நடுவில “எல்லாருக்கும் விளங்குதோ” எண்டு வளவாளர் கேட்டார். கையைத் துடைச்சிட்டு ஒரு பெருவிரல் போட்டன். கேள்வியில பத்துக்கு ஒன்பது. திங்கட்கிழமை தரம் 8க்குப் போய் அந்த ஸ்மார்ட் போர்டைத் தொடவேயில்லை.

குறிகாட்டுவான் படகு
ரீச்சர், தேங்காய் திருவினது நீங்கள், பழி சூமுக்கோ?

நான் நெடுந்தீவில விஞ்ஞானம் படிப்பிக்கிறன். ரவுணில ஒரு செயலமர்வு எண்டா குறிகாட்டுவானுக்குப் படகில மட்டும் ஒரு மணித்தியாலம், பிறகு பஸ். கடல் கொந்தளிச்சால் படகே இல்லை. நேரடியா வைச்சதுகளில பாதிக்கு நான் போகேல்லை. பதிவு செய்த வீடியோ எண்டா இரவு சாப்பிட்டிட்டு, விளங்காத இடத்தில நிப்பாட்டி, திருப்பிப் பார்ப்பன்.

அப்பிடித்தான் ஃபெற் பழகினனான். கொலராடோ பல்கலைக்கழகத்தில கார்ல் வீமன் 2002இல தொடங்கின செயல்விளக்கத் தொகுதி அது, இலவசம். சிலது தமிழிலயும் கிடக்கு. பெண் டிரைவில இறக்கி வைச்சா இணையம் இல்லாமலே ஓடும். மின்சுற்றைச் சுவரில விழுத்திக் காட்டினன். கம்பிக்குள்ள இலத்திரன் நீலக் குண்டுமணி மாதிரி ஓடும். தொடரா ரெண்டாவது மின்குமிழைப் பூட்ட ரெண்டும் ஒரேயளவு மங்கிச்சு. பின்வாங்கில இருந்த பெடியன் எழும்பி, “அப்ப முதல் பல்ப் கரண்டைக் குடிச்சு முடிக்கிறேல்லையோ சேர்?” எண்டான். அந்தக் கேள்வி வர நான் எத்தினை வருசம் கரும்பலகையில கீறியிருப்பன்!

தட்டிவான்
செயலமர்வில தாற ரோல்ஸும் பிளேன்ரீயும் போச்சே எண்டதுதான் எல்லாருக்கும் உள்ளுக்க கவலை. வெளியில சொல்லமாட்டியள்.

நல்லூர்க் கணக்கு
@குறிகாட்டுவான் படகு, தம்பி, நீங்கள் தேடிப் படிக்கிற ஆள். உங்களை வைச்சு எல்லாரையும் அளக்காதேங்கோ.

எனக்கு நடந்ததைக் கேளுங்கோ. வினாத்தாளைப் பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில அடிச்சு வைச்சிருந்தன், அதை வெட்டிக் கூகிள் படிவத்தில ஒட்டினா முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா விழுந்துது. சூமில கேட்டன். “யுனிகோட்டுக்கு மாத்துங்கோ ரீச்சர்” எண்டிட்டு அடுத்த ஸ்லைட்டுக்குப் போட்டார். எப்பிடி மாத்திறது? ஆள் பக்கத்தில இருந்தா ரெண்டு நிமிச வேலை. நான் அண்டைக்கே அதை மூடி வைச்சனான்.

ஆசிரியர் பயிற்சியை ஆராய்ஞ்ச ஜொய்ஸும் ஷவர்ஸும் 1980களிலயே எழுதி வைச்சது இதைத்தான். விளக்கிச் சொல்லி, செய்து காட்டி, பழக விட்டாலும் வகுப்பறைக்குள்ள போய்ச் சேர்றது கொஞ்சம். பிறகு வகுப்பிலயே ஒராள் துணை நிண்டாத்தான் பழக்கத்துக்கு வரும்.

பழைய வாத்தி
2020 மார்ச்சில பள்ளிக்கூடம் பூட்டேக்க எங்களுக்கு ஆர் பயிற்சி தந்தது? கொப்பியைப் படமெடுத்து வட்ஸ்அப்பில போட்டம். மூண்டு பிள்ளையளுக்கு ஒரு போன், அதுவும் தகப்பன் வேலையால வந்தாப் பிறகு. 2022 மார்ச் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டு. உங்கட ஸ்மார்ட் போர்டைத் தூக்கி எங்க வைக்கிறது? சோக்கட்டிதான் எண்டைக்கும் வேலை செய்தது.

குறிகாட்டுவான் படகு
சோக்கட்டியை ஒருத்தரும் பறிக்கேல்லை சேர்.

ரீச்சர், நீங்கள் சொல்லுற ஆய்வு சரி. ஆனா துணை நிக்கிற ஆள் நேரிலதான் நிக்கோணும் எண்டு இல்லை. 2018இல மத்தியூ கிராஃப்ற் எண்ட ஆய்வாளர் ஆக்கள், ஆசிரியருக்கு வழிகாட்டுறதைப் பற்றின 60 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவை. வழிகாட்டுறவர் நேரில வந்தாலென்ன, இணையத்தில வந்தாலென்ன, பலனில தெளிவான வித்தியாசம் தெரியேல்லை. வித்தியாசம் வந்தது வேற இடத்தில: திட்டம் பெருக்கப் பெருக்கப் பலன் குறையுது. உங்கட பாமினிப் பிரச்சினையும் அதுதான். நூறு பேருக்கு ஒரு வளவாளர் எண்டா அவர் அடுத்த ஸ்லைட்டுக்குப் போகாமல் என்ன செய்வார்? பத்துப் பேருக்கு ஒராள் எண்டு பிரிச்சு, அந்த ஆள் கிழமைக்கு ஒருக்கா வீடியோவில வரட்டும்.

நல்லூர்க் கணக்கு
பத்துப் பேருக்கு ஒரு ஆசிரிய ஆலோசகர்! எங்க தம்பி இருக்கினம்? சூமை வைக்கிறதே ஆள் காணாது, காசு காணாது எண்டுதானே. முதல் நாளையாவது மையத்தில வைக்கட்டும். லப்டொப்பைக் கொண்டுவந்து, எழுத்துருவில இருந்து எல்லாத்தையும் சரிப்பண்ணிக் குடுக்கட்டும். மிச்சம் சூமில போகட்டும், நான் மறிக்கேல்லை.

குறிகாட்டுவான் படகு
முதல் நாளுக்கு நான் வாறன், ஆனா பள்ளிக்கூட நாளில கடமை விடுப்போட வைக்கச் சொல்லுங்கோ. சனிக்கிழமையில இல்லை.

நல்லூர்க் கணக்கு
அது ஞாயம். அதுசரி, உங்கட பெண் டிரைவில கணக்குக்கும் ஏதும் கிடக்கோ?

குறிகாட்டுவான் படகு
பின்னத்துக்குக் கிடக்கு. புதன் பின்னேரம் வட்ஸ்அப் வீடியோவில காட்டுறன், பாமினியையும் அப்பவே மாத்துவம். கமராவைப் போட்டாத்தான் ரீச்சர்.