பழைய லாரியில் ஸ்டீயரிங் பிளே: பாக்ஸை டைட் பண்ணியும் போகவில்லை, வேறு எங்கே பார்ப்பது?

சங்ககிரி வண்டி:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். நான் ஓட்டுவது 2005 மாடல் ஆறு சக்கர லாரி, பவர் ஸ்டீயரிங் உள்ளது, இரண்டு வருடத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன், ஓனரும் நான்தான் டிரைவரும் நான்தான். ஆறு மாதமாக ஸ்டீயரிங்கில் பிளே (சக்கரம் திரும்பாமலேயே ஸ்டீயரிங் வெறுமனே ஆடுவது) கூடிக்கொண்டே வருகிறது. நேர் ரோட்டில் அறுபதில் போனாலும் கையைச் சும்மா வைக்க முடியவில்லை, இடது வலது என்று திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. போன வாரம் தர்மபுரியிலிருந்து சேலம் வரும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஒரு டிரெய்லர் என்னைத் தாண்டியது, அந்தக் காற்றுக்கே வண்டி பக்கவாட்டில் நகர்ந்துவிட்டது, நான் திருப்பிய பிறகும் ஒரு கணம் கழித்துத்தான் சக்கரம் கேட்டது. வீடு வந்து சேரும் வரை நெஞ்சுப் படபடப்பு அடங்கவில்லை.

பட்டறையில் காட்டினேன். அடியில் படுத்துக்கூடப் பார்க்காமல், ஸ்டீயரிங் பாக்ஸில் (ஸ்டீயரிங் சுற்றுவதைச் சக்கரப் பக்கம் கடத்தும் பல் பெட்டி) இருக்கும் அட்ஜஸ்ட் ஸ்குரூவை அரைச் சுற்று முறுக்கி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு நன்றாக இருந்த மாதிரி தோன்றியது. இப்போது வளைவில் திருப்பினால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவதில்லை, நானே இழுத்து நேராக்க வேண்டியிருக்கிறது, பிளேயும் பழையபடி வந்துவிட்டது. திரும்பக் கேட்டால் பாக்ஸையே மாற்றச் சொல்கிறார்கள். அடுத்த மாதம் எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) காட்ட வேண்டும். அவ்வளவு பணம் போடுவதற்கு முன் நான் என்னென்ன பார்க்க வேண்டும்?

நாமக்கல் பட்டறை:

தம்பி, பாக்ஸை மாற்றாதீர்கள், இப்போதைக்கு. முதலில் அந்த ஸ்குரூவை எவ்வளவு முறுக்கினார்களோ அவ்வளவு திரும்பத் தளர்த்தச் சொல்லுங்கள். பாக்ஸுக்குள் குண்டுகள் மேல் ஓடும் ஒரு நட்டும், அதன் பல்லில் சேரும் செக்டார் ஷாஃப்டும் இருக்கின்றன. நேராகப் போகும் இடத்தில்தான் வருடக்கணக்காக உரசித் தேய்ந்திருக்கும், திரும்பும் ஓரங்களில் பல் கிட்டத்தட்ட புதுசாகவே இருக்கும். நடுவில் தேய்ந்ததை ஈடுகட்ட ஸ்குரூவை முறுக்கினால் ஓரத்தில் போய்ப் பிடிக்கும். உங்கள் வண்டி வளைவிலிருந்து திரும்பி வராததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். அப்படியே ஓட்டினால் நல்ல பாக்ஸும் கெட்டுவிடும். அந்த ஸ்குரூவைத் தொடுவது கடைசி வேலை, அதுவும் டிராக் லிங்கைக் (பாக்ஸின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி) கழற்றிவிட்டு, பாக்ஸ் சரியான நடுவில் இருக்கும்போது செய்ய வேண்டியது.

பிளே எங்கே என்று கண்டுபிடிக்க மெஷின் எதுவும் வேண்டாம். டயர் தரையிலேயே இருக்கட்டும், சக்கரம் நேராக இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை வைத்துவிட்டு இன்ஜினை ஓட விடுங்கள் (பவர் ஸ்டீயரிங்கில் இன்ஜின் ஓடாமல் பார்த்தால் கணக்கு தப்பும்). கிளீனரை மேலே உட்கார வைத்து, டயர் திரும்பாத அளவுக்கு மட்டும் ஸ்டீயரிங்கை இடது வலது என்று விடாமல் ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் கீழே இருந்து ஒவ்வொரு ஜாயிண்டாக விரலை வைத்துக்கொண்டே போங்கள். ஸ்டீயரிங் தண்டின் அடியில் இருக்கும் கிராஸ் ஜாயிண்ட், பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்ட், டிராப் ஆர்ம் (பாக்ஸிலிருந்து தொங்கும் கை), டிராக் லிங்கின் இரண்டு முனை, ஸ்டீயரிங் ஆர்ம் (சக்கரத்தைத் திருப்பும் கை), கடைசியாக டை ராட் (இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி) எண்ட் இரண்டும். ஒரு பக்கம் அசைந்து அடுத்த பக்கம் அசையாமல் நிற்கும் இடம் எதுவோ, உங்கள் பிளே அங்கே. கண்ணை விட விரல் சீக்கிரம் கண்டுபிடிக்கும், குண்டு கப்புக்குள் தட்டுவது விரலில் நன்றாகத் தெரியும். சட்டை, துண்டு எதுவும் ஃபேன் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பலர் விட்டுவிடுவது. பாக்ஸையே பாருங்கள். சேஸிஸில் அதைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருந்தாலோ பிராக்கெட்டில் விரிசல் விட்டிருந்தாலோ பாக்ஸ் முழுசாக ஆடும். போல்ட் தலையைச் சுற்றித் துருப்பொடி சிவப்பாகக் கோடு போட்டிருந்தால் அங்கே அசைவு இருக்கிறது என்று அர்த்தம்.

அதற்கு அப்புறம்தான் ஜாக்கி. ஆக்சிலுக்கு அடியில் கொடுங்கள், ஸ்டாண்ட் வைக்காமல் உள்ளே போகாதீர்கள். டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் (முன் சக்கரம் இடது வலது திரும்பும் அச்சு). டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து மேலே தூக்கிப் பார்த்தால் கிங் பின்னில் மேல் கீழ் ஆட்டம் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும்.

பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கரூர் டிரைவர்:

மேலே அண்ணன் சொன்னதில் சேர்க்க ஒரு விஷயம். பிளே வேறு, வண்டி அலைவது வேறு. ஸ்டீயரிங்கில் ஒரு விரல் அகலம்கூட பிளே இல்லாத வண்டி அலைவதை நான் ஓட்டியே பார்த்திருக்கிறேன். அந்த வண்டியில் முன் ஸ்பிரிங்கின் செண்டர் போல்ட் உடைந்து, யூ போல்ட்டும் தளர்ந்து, ஆக்சில் ஒரு பக்கம் பின்னால் நகர்ந்திருந்தது. இரண்டு பக்கமும் முன் சக்கர நடுவுக்கும் பின் சக்கர நடுவுக்கும் இடையே டேப் பிடித்து அளந்தபோதுதான் தெரிந்தது. ஸ்பிரிங் அடியில் கொடுக்கும் ஆப்பு போன்ற தகட்டைத் திருப்பிப் போட்டிருந்தாலும் இதே கதிதான், சக்கரம் நேருக்குத் திரும்பி வராது.

அப்புறம் முன் டயர் இரண்டும் ஒரே ஜாதியா? ஒன்று நைலான், ஒன்று ரேடியல் என்று போட்டு ஓட்டாதீர்கள். காற்றையும் இரண்டிலும் ஒன்றாக வையுங்கள். கம்பி லோடு மாதிரி பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் லோடு ஏற்றினால் முன் ஆக்சில் லேசாகிவிடும், அப்போது நல்ல வண்டியே தண்ணீரில் போவது போல இருக்கும். நீங்கள் தொப்பூரில் என்ன லோடு வைத்திருந்தீர்கள்?

எஃப்சி கணக்கு:

எஃப்சி பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி எண் 98. ஸ்டீயரிங்கில் வெற்றாட்டம் 30 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும் என்றும், போல்ட், பின் எல்லாம் கழன்றுவிடாதபடி லாக் செய்திருக்க வேண்டும் என்றும் அதே விதியில் இருக்கிறது. அதனால் கிழிந்த ரப்பர் மூடியோடு போகாதீர்கள்.

30 டிகிரி என்றால் ஒரு முழுச் சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஸ்டீயரிங் 50 செ.மீ. விட்டம் என்று வைத்தால் சுற்றளவு 157 செ.மீ., அதில் 13 செ.மீ. வருகிறது. அளவு தாண்டாமல் 12 இருந்தாலும் அந்த வண்டியை நான் ஓட்ட மாட்டேன், குடும்பத்தில் யாரையும் ஓட்டவும் விட மாட்டேன். சாக்பீஸால் ஸ்டீயரிங் விளிம்பில் ஒரு கோடு போட்டு, முன் டயர் அசையத் தொடங்கும் வரை இரு பக்கமும் திருப்பி அளந்து சொல்லுங்கள்.

சங்ககிரி வண்டி:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலை. பிளே அளந்தேன், 15 செ.மீ. பார்த்ததும் பயந்துவிட்டேன், இதோடுதான் கணவாய் இறங்கியிருக்கிறேன்.

தம்பி மேலே உட்கார்ந்து ஆட்ட நான் கீழே படுத்தேன். டிராக் லிங்கின் முன் முனையில் ரப்பர் கிழிந்து உள்ளே மண்ணும் தண்ணீரும் போய், குண்டு டக் டக் என்று தட்டுகிறது, விரல் வைத்த உடனே தெரிந்துவிட்டது. பாக்ஸின் நான்கு போல்ட்டில் ஒன்று கையாலேயே சுற்றுகிறது, நீங்கள் சொன்ன அதே சிவப்புக் கோடு அங்கே இருந்தது. டை ராட் இரண்டு பக்கமும் நன்றாக இருக்கிறது. ஜாக்கி போட்டு ஆட்டியதில் இடது சக்கரத்தில் பிரேக் மிதித்தும் ஆட்டம் நிற்கவில்லை, வலது பக்கம் கொஞ்சம். கிராஸ் ஜாயிண்டில் எதுவும் தெரியவில்லை.

கரூர் அண்ணா, தொப்பூரில் வெறும் சாக்குக் கட்டுதான், லோடு லேசு. ஸ்பிரிங், யூ போல்ட் பார்த்தேன், டேப் பிடித்தேன், இரண்டு பக்கமும் அளவு சரி. முன் டயர் இரண்டும் நைலான்தான், 10.00-20.

ஒரு சந்தேகம். டிராக் லிங்கைக் கழற்றிவிட்டு ஸ்டீயரிங்கை மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். வண்டி நேராகப் போகும் நிலையிலிருந்து இடது பக்கம் இரண்டேகால் சுற்று போகிறது, வலது பக்கம் மூன்று போகிறது. இப்படி இருக்கலாமா?

நாமக்கல் பட்டறை:

இருக்கக் கூடாது. நல்ல வேளை அதைச் சுற்றிப் பார்த்தீர்கள்.

பழைய ஓனர் காலத்தில் யாரோ லிங்கின் நீளத்தை மாற்றியிருக்கிறார்கள், ஸ்டீயரிங் கோணலாக நின்றதும் அதைக் கழற்றி நேராக மாட்டிவிட்டிருக்கிறார்கள். பார்க்க நேராக இருக்கும், உள்ளே பாக்ஸ் நடுவில் இருக்காது. பாக்ஸில் பல் மிக நெருக்கமாகச் சேர்வது நடுவில் மட்டும்தான், அதை விட்டு விலகி ஓடினால் எந்தத் தேய்மானமும் இல்லாமலேயே பிளே காட்டும். உங்களுக்குப் பாக்ஸ் கெட்டுவிட்டது என்று சொன்னதில் பாதி இதுவாகத்தான் இருக்கும்.

செய்ய வேண்டியது: ஓரத்திலிருந்து ஓரம் மொத்தம் ஐந்தேகால் சுற்று, அதில் பாதியில் பாக்ஸை நிறுத்துங்கள். சக்கரங்களை நேராக வையுங்கள். புது லிங்கை அந்த இரண்டுக்கும் பொருந்தும் நீளத்துக்கு எண்டைத் திருகி மாட்டுங்கள். ஸ்டீயரிங்கை எடுத்து நேராக மாட்டுவது அதற்கு அப்புறம். டிராப் ஆர்மைக் கழற்ற வேண்டி வந்தால் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போடச் சொல்லுங்கள், கேஸ் வைத்துக் காய்ச்ச விடவே கூடாது. டிராப் ஆர்ம், லிங்க், ஸ்டீயரிங் ஆர்ம் எதிலும் வெல்டிங்கும் கூடாது. காய்ச்சிய இரும்பு எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது, அது உடைந்தால் உங்கள் கையில் இருப்பது வெறும் வளையம்.

கிங் பின் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். புஷ்ஷை அடித்து இறக்கிவிட்டு அப்படியே பின்னைத் தட்டி ஏற்றும் ஆட்களிடம் கொடுக்காதீர்கள், ரீமர் போட்டு அளவெடுக்கும் லேத்தாகப் பார்த்துக் கொடுங்கள். மேல் கீழ் இடைவெளிக்கு ஷிம் (மெல்லிய தகடு) போடுவார்கள், கீழே த்ரஸ்ட் பேரிங்கும் புதுசு போடட்டும். இனி கிரீஸ் அடிக்கும்போது முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கிவிட்டு அடியுங்கள். எடை இறங்கியிருந்தால் கிரீஸ் சுமை தாங்கும் பக்கத்துக்குப் போகவே போகாது, உங்கள் இடது கிங் பின் அப்படிக் காய்ந்துதான் போயிருக்கும்.

சங்ககிரி வண்டி:

மூன்று நாள் வண்டி நின்றது. டிராக் லிங்க் புதுசு, இரண்டு பக்கமும் கிங் பின் செட், பாக்ஸுக்கு நான்கு போல்ட்டும் புதுசு, பாக்ஸ் நடுவுக்கு வந்துவிட்டது, டோ-இன் (முன் சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கி இருக்கும் அளவு) அதுவும் பார்த்தாயிற்று. பாக்ஸ் ஸ்குரூவைத் தளர்த்திய இடத்திலேயே விட்டுவிட்டோம். இப்போது பிளே 4 செ.மீ. வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக வருகிறது. நேற்று ராத்திரி அதே தொப்பூரில் லோடோடு இறங்கினேன், இரண்டு டிரெய்லர் தாண்டின, வண்டி தன் லேனிலேயே இருந்தது. நாமக்கல் அண்ணாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

நாமக்கல் பட்டறை:

சந்தோஷம் தம்பி. 500 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை அடியில் படுங்கள். பாக்ஸ் போல்ட்டை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள், புதுசு கொஞ்சம் உட்காரும். லிங்க் நட்டில் ஸ்பிளிட் பின் புதுசா போட்டார்கள், பழசையே நிமிர்த்திப் போட்டார்களா என்று பாருங்கள். பழசு என்றால் அன்றைக்கே மாற்றுங்கள். ஓட்டை நேர்படவில்லை என்றால் நட்டை இன்னும் கொஞ்சம் டைட் பண்ணித்தான் ஓட்டையைச் சேர்க்க வேண்டும், பின்னால் தளர்த்திச் சேர்க்கக் கூடாது.