லைசென்ஸ் சஸ்பெண்டில் இருக்கும்போது வண்டி ஓட்டி மாட்டிக்கொண்டான், என்ன செய்வது?

வணக்கம். செல்போன் பேசிக்கொண்டே பைக் ஓட்டியதற்காக என் தம்பியின் லைசென்ஸை ஆர்டிஓ ஆபீசில் 3 மாதம் சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். முடிய இன்னும் 11 நாள்தான். தெருமுனை வரைதானே என்று பால் வாங்க வண்டியை எடுத்தவன் வாகனச் சோதனையில் மாட்டிக்கொண்டான். பால் பை ஹேண்டில்பாரில் தொங்க, அரை மணி நேரம் நின்றிருக்கிறான்.

மோட்டார் வாகனச் சட்டம் 182-வது பிரிவில் வழக்காம். 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், இல்லை இரண்டும் என்கிறது சட்டம். ‘சிறை’ என்று கேட்டதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

முதல் தடவை என்றால் கோர்ட்டில் அபராதத்தோடு விடுவார்களா? வக்கீல் வைத்தே ஆகணுமா? சஸ்பெண்ட் காலம் நீளுமா? சென்னையில் அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். திட்ட வேண்டியதை வீட்டிலேயே திட்டிவிட்டோம்.