சீனாவில் மொபைல் கேம் வெளியிட 'பான்ஹாவ்' கட்டாயமா?

கட்டம்9:
ஸ்டீம் என்ற கணினி கேம் கடையில் உள்ள என் சிறிய புதிர் கேமை சீனாவில் ஆண்ட்ராய்டு, ஐபோனுக்குக் கொண்டுபோகும் யோசனை. சீன மொழிபெயர்ப்பு தயார். 'பான்ஹாவ்' என்ற உரிம எண் இல்லாமல் வழி உண்டா? விற்பனையில் கையில் எவ்வளவு நிற்கும்?

மஞ்சள்நதி:
கேமுக்குள் காசு வாங்கினால் எண் கட்டாயம். வெளிநாட்டு நிறுவனம் தானே விண்ணப்பிக்க முடியாது. இணைய வெளியீட்டு அனுமதி பெற்ற சீனப் பதிப்பாளர் வேண்டும். முதலில் மென்பொருள் பதிப்புரிமைப் பதிவு, அடுத்து மாகாண வெளியீட்டுத் துறை, கடைசியில் பெய்ஜிங்கிலுள்ள தேசியப் பத்திரிகை, வெளியீட்டு நிர்வாகம். கேமின் பெயரும் பதிப்பாளரும் அந்த எண்ணோடு கட்டுண்டவை. பதிப்பாளரை மாற்றினால் தனி அனுமதி வாங்க வேண்டும், அதனால் பிரிவதற்கான விதியை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

விண்ணப்பம் பெரும்பாலும் சில்லறை விஷயங்களில்தான் இடறும்: மெனுவில் மறந்துபோன ஆங்கிலச் சொல், சிவப்பு ரத்தம், எலும்புக்கூடு. சீன நிறுவனமான டென்சென்ட்டின் 'கேம் ஃபார் பீஸ்' (2019) என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் சுடப்பட்டவர் சாவதே இல்லை, கையசைத்து விடைபெறுவார்!

செர்வர்சாமி:
கோடு எழுதுபவர் கவனிக்க வேண்டியது வேறு. ஆடுபவர் யார், என்ன வயது என்று லாகினில் பார்க்கும் உண்மைப் பெயர் சரிபார்ப்பு இருந்தாக வேண்டும். 2021 செப்டம்பர் முதல் 18 வயதுக்கு உட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே ஆடலாம். செலவுக்கும் வரம்பு: 8–15 வயதுக்கு ஒரு தடவை 50 யுவான், மாதம் 200 யுவான்; 16, 17 வயதுக்கு ஒரு தடவை 100, மாதம் 400. நேரத்தைப் போனின் கடிகாரத்தை நம்பிச் சோதிக்காதீர்கள், பிள்ளைகள் அதை மாற்றிவிடுவார்கள். செர்வர் நேரம்தான் சரி.

கட்டம்9:
ஆஃப்லைன் புதிருக்குமா லாகின்?

செர்வர்சாமி:
ஆமாம். சிறிய கேம்களுக்கு இதுதான் பெரிய தலைவலி.

மஞ்சள்நதி:
பணக் கணக்கு: ஹுவாவே, ஷாவ்மி, ஓப்போ, விவோ கடைகள் வழக்கமாகப் பாதியை எடுக்கும். ஆப்பிள் நெடுங்காலம் 30% எடுத்து வந்தது. டேப்டேப் என்ற சீன கேம் கடை பங்கு கேட்பதில்லை. 2020-ல் 'கென்ஷின் இம்பாக்ட்' என்ற சீன கேம் ஹுவாவே, ஷாவ்மி கடைகளைத் தவிர்த்தே வெளிவந்தது. கடை பாதி எடுத்து, மீதியில் பதிப்பாளருக்கும் பாதி என்று வைத்தால், 100 யுவானில் உங்களுக்கு 25. வரி அதற்குப் பிறகு.

பகடைக்காய்:
உரிமத்தை நம்பித் தேதி குறிக்காதீர்கள். 2018 மார்ச் முதல் டிசம்பர் வரை புதிய எண்களே வரவில்லை. 2021 ஜூலைக்குப் பின் 2022 ஏப்ரல் வரை மறுபடியும் நின்றது. சீன ஸ்டூடியோக்கள் வெளிநாட்டுச் சந்தையை இவ்வளவு மும்முரமாகப் பிடித்ததற்கு இந்த முடக்கமும் ஒரு காரணம்.

என் கணிப்பில் உங்களுக்கு லாபமான வழி வேறு. ஸ்டீமில் விற்பதைத் தொடருங்கள்: அதன் உலகக் கடையைச் சீன ஆட்டக்காரர்கள் ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள், ஆனால் அது சட்டப்படி தெளிவில்லாத இடம், நாளை அடைபடலாம். கூடவே, வீசாட் என்ற சீன அரட்டைச் செயலிக்குள்ளேயே ஓடும், விளம்பர வருமானம் மட்டும் உள்ள மினி கேமாக ஒரு சிறு பதிப்பு போட்டுப் பாருங்கள். அதற்குப் பான்ஹாவ் கேட்பதில்லை; பதிப்புரிமைப் பதிவும் இணையப் பதிவும் வேண்டும். ஒரே ஒரு 'வாங்கு' பொத்தான் வைத்தாலும் மறுபடி உரிம வரிசைதான்.