புதுப்பிப்பு: வேனுக்குள் தனியாகத் தூங்கும் பயம்

பெங்களூரில் வேனிலேயே தங்குகிறேன், ராத்திரி யாராவது கதவைத் தட்டினால் உடம்பெல்லாம் நடுங்குகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன்.

இப்போது அல்சூர் பக்கம், விளக்கு எரியும் தெருவில் நிறுத்துகிறேன். விடியற்காலையிலேயே கடை போடும் பூக்கார அக்காவுக்கு என்னைத் தெரியும். அதுவே பாதி தைரியம். வண்டியின் முகம் சாலையைப் பார்த்திருக்கும், ஓட்டுநர் சீட்டில் எதையும் வைப்பதில்லை, சாவி எப்போதும் ஒரே கொக்கியில்தான்.

போன வாரம் இரண்டு மணிக்குத் தட்டினார்கள். கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே முன்சீட்டுக்கு நகர்ந்து கிளம்பிவிட்டேன். அவசர உதவி எண் 112-ஐ அழைக்கத் தேவைப்படவில்லை.

அப்புறம், மழைக்கு ஜன்னலை மூடிக்கொண்டு உள்ளே கேஸ் அடுப்பு எரித்ததுதான் நிஜமான ஆபத்து. அடுப்பிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது, தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். இப்போது சமையல் வெளியேதான். அந்த வாயு கசிந்தால் எச்சரிக்கும் அலாரமும் மாட்டிவிட்டேன்.