ஒரு டேக்குக்கு ஒரு மீன்

கடலூரில் குறும்படம் எடுக்கும் மாணவர்களில் பலர் கேமராவோடு பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய்விடுகிறார்கள். மஞ்சள் சுவர், காகிதப்பூ, அழகான ஃபிரேம் கிடைத்துவிடும். எங்கள் கதை மீன் விற்கும் அம்மாவுக்கும் காலேஜ் படிக்கும் மகளுக்கும் நடுவில் நடப்பது. அதற்கு அந்தச் சுவர் எதற்கு? முதுநகர் துறைமுகத்திலேயே எடுத்தோம். ஒரு கேமரா, சட்டையில் குத்தும் மைக், லைட்டுக்குப் பதில் தெர்மாகோல் அட்டை. கையில் காலேஜ் கொடுத்த கடிதம்.

ஏலம் சூடாக நடக்கும் காலை நேரத்தில் கேமராவை வெளியே எடுத்தால் ஆள் கூடாமல் இருக்குமா? "எந்த சேனல்ல வரும்ணா?", "ஹீரோ யாரு தம்பி?" எல்லோரும் லென்ஸையே பார்க்கிறார்கள். விரட்டினால் இன்னும் கூடும். அதனால் ஆளுக்கொரு வேலை கொடுத்தோம். தெர்மாகோல் பிடிக்க ஒரு பையன், பின்னால் கூடையோடு நடக்க இரண்டு பேர். வேலை கிடைத்தவர் கேமராவைப் பார்ப்பதில்லை, பக்கத்தில் நிற்பவரையும் பார்க்க விடுவதில்லை.

அம்மாவாக நடித்தது நாடகக்குழுவில் இருந்த சீனியர் அக்கா. வசனம் பிரமாதமாகப் பேசினார். ஆனால் அரிவாள்மனை முன் உட்கார்ந்து சங்கராவைக் கையில் எடுத்ததுமே, பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த ஆயா சிரித்துவிட்டார். "ஏம்மா, தலையிலேருந்து தேச்சா செதிலு எப்படி வரும்? வாலுலேருந்து மேல தேய். மீனயே பாக்காத, வாங்க வந்தவங்க மூஞ்சப் பாத்துப் பேசு." அக்கா அப்படியே செய்தார். அதற்கப்புறம் எழுதி வைத்திருந்த வசனத்தில் பாதி தேவைப்படவில்லை.

அடுத்த சிக்கல் கன்டினியூட்டி, அதாவது ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்க வேண்டும். வெட்டிய மீனை ஒட்டவா முடியும்? ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுக்கும் ஒவ்வொரு டேக்குக்கும் புது மீன் வேண்டும். சங்கரா விற்கிற விலைக்கு எங்கள் பட்ஜெட் மதியத்துக்குள் காலியாகியிருக்கும். தள்ளி நின்று எடுக்கும் வைட் ஷாட்டில் வெட்டாமல் நடித்தால் போதும் என்று வைத்துக்கொண்டோம். க்ளோசப்புக்கு ஆயாவிடமே கேட்டோம். அவர் எப்படியும் நாள் முழுக்க வெட்டத்தான் போகிறார். அக்காவின் கண்ணாடி வளையலை ஆயா கையில் போட்டு, வாடிக்கையாளர் மீனை வைத்தே எடுத்தோம். எடிட்டிங்கில் அது வேறு கை என்று யாருக்கும் தெரியவில்லை.

சத்தம்தான் பெரிய தலைவலி. விசைப்படகு எஞ்சின், ஐஸ் உடைக்கும் மெஷின், காக்கை. அங்கே பதிவான வசனத்தை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, போர்வைகள் தொங்கவிட்ட அறையில் டப்பிங் செய்தோம். கிளம்பும் முன் யாரும் பேசாமல் துறைமுகச் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்து வைத்தது டப்பிங்குக்கு அடியில் ஓடவிட உதவியது. வீட்டுச் சமையலறைக் காட்சியில் டியூப்லைட் கோடு கோடாக ஓடினால் பயப்படாதீர்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவில் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி என்று வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

படம் முடிந்ததும் ஆயாவிடம் போய் போனில் போட்டுக் காட்டினோம். கடைசி வரை கவனமாகப் பார்த்துவிட்டு, "கையெல்லாம் என்னுது, மூஞ்சி மட்டும் அவளுதா?" என்று கேட்டார்.