நாய்க்குத் தயிர்சாதம் போட்டால் வெடிப் பயம் போகுமா?

கறுப்புவால்:
லாப்ரடார், 4 வயது, 28 கிலோ. வெடிச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது. தீபாவளிக்கு 8 வாரம் இருக்கு. குடல் பாக்டீரியாவைச் சரிசெய்தால் பயம் போகும், எலியில் நிரூபித்துவிட்டார்கள் என்கிறார்களே. தினம் தயிர்சாதம் போதுமா?

பெட்ரித்தட்டு:
அது 2011-ல் வந்த அயர்லாந்து கார்க் ஆய்வாக இருக்கும். லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜேபி-1 என்ற ஒரே பாக்டீரியா ரகத்தைச் சுண்டெலிகளுக்குத் தினம் 100 கோடி வீதம் 28 நாள் புகட்டினார்கள். உயரத்தில் வைத்த கூட்டல்குறி மேடையில், சுவரில்லாத பக்கத்துக்கும் துணிந்து போயின. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பை வெட்டிய எலிகளிடம் அந்தத் துணிச்சல் வரவில்லை. சேதி போகும் வழி அந்த நரம்புதான் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் அதே ஜேபி-1 ஆரோக்கியமான ஆண்களிடம் எடுபடவில்லை (2017). ஒரு ரகத்தின் பலனை இன்னொரு ரகத்தின் தலையில் கட்ட முடியாது. வீட்டுத் தயிரில் என்ன ரகம், எத்தனை என்பது உறைமோருக்கு உறைமோர் மாறும்.

மாட்டாஸ்பத்திரி:
நாயில் சோதித்த ரகம் பிஃபிடோபேக்டீரியம் லாங்கம் பிஎல்999. பதட்டமான 24 லாப்ரடார்களுக்கு 6 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் தெரிந்தது. நடத்தியது அதை விற்கும் கம்பெனியே, அதனால் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்கணும். கொடுப்பதானால் இந்த வாரமே தொடங்குங்க. அந்தப் பொடியைச் சூடான சோற்றில் தூவினால் பாக்டீரியா செத்துவிடும். நன்றாக ஆறின பிறகு தூவி உடனே வையுங்க. ஆன்டிபயாட்டிக் ஓடுகிறதென்றால் 2 மணி நேரமாவது இடைவெளி வேணும்.

இது மட்டும் வெடிக்குப் போதாது. பதிவுசெய்த வெடிச் சத்தத்தைக் காதில் விழுந்தும் விழாத அளவில் வைத்து, கூடவே கோழித் துண்டு கொடுங்க, தினம் 5 நிமிஷம். துண்டைத் தின்ன மறுத்தால் சத்தம் அதிகம் என்று அர்த்தம், குறைச்சிடுங்க. பலரும் அவசரப்பட்டு ஒலியை ஏற்றிக் கெடுப்பது இங்கேதான். மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரிடம் கேட்டு, தீபாவளிக்கு முன்பே ஒருநாள் கொடுத்துப் பாருங்க. அசிபுரோமசின் என்ற மயக்கிவைக்கும் மாத்திரை மட்டும் போதும் என்றால் ஒத்துக்காதீங்க: உடம்பு அடங்கும், பயம் அப்படியே உள்ளே இருக்கும்.

கறுப்புவால்:
நன்றி. அப்போ தயிர்சாதத்தை நிறுத்திடவா?

மாட்டாஸ்பத்திரி:
வயிறு இளகாதவரை இரண்டு ஸ்பூன் வெறும் தயிர் பரவாயில்லை. நமக்குப் பிசைந்த தயிர்சாதத்தைப் போடாதீங்க. அதில் திராட்சையோ வெங்காயமோ இருந்தால் நாய்க்கு நஞ்சு.